கடற்காற்றில் கரைந்த சன்ஸ்கிரீன்

பெசன்ட் நகர் கடற்கரையில் ஞாயிறுதோறும் காலை ஒன்பது மணி வரை ஓடும் எனக்கு, எஸ்.பி.எஃப். (வெயில் காப்பு அளவு) 50 என்று அச்சிட்டிருந்த ஸ்பிரே சன்ஸ்கிரீனை அடித்துக்கொண்ட பிறகும் பிடரியும் காதுமடல்களும் கருத்துத் தோல் உரியத் தொடங்கியபோது, குறை அந்தப் பொருளில்தான் இருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் ஒருநாள் சாய்வெயிலில் கவனித்தபோது, நான் அடித்த சாரலில் பாதி என் தோளைத் தாண்டி மணலை நோக்கிப் பறந்துகொண்டிருந்தது.

அன்றிலிருந்து, கிளம்புவதற்குப் பதினைந்து நிமிடம் முன்பே, காற்றடிக்காத மாடிப்படி முகப்பில் நின்று, தோல் ஈரமாகப் பளபளக்கும் வரை அருகிலிருந்து அடித்து, உள்ளங்கையால் நன்றாகத் தேய்த்துவிடுகிறேன். சாரலை மூச்சில் இழுக்கக்கூடாது என்பதால், முகத்துக்கு மட்டும் கையில் அடித்துப் பூசிக்கொள்கிறேன். பெரும்பாலான ஸ்பிரேக்களில் எளிதில் தீப்பற்றும் ஆல்கஹால் இருப்பதால் அடுப்பின் அருகே இந்த வேலை ஆகாது.

அடுத்த டப்பாவை வாங்கும்போது பெரிய எஸ்.பி.எஃப். எண்ணைத் துரத்தவில்லை; எஸ்.பி.எஃப். 30 ஏறத்தாழ 97 விழுக்காடும், 50 ஏறத்தாழ 98 விழுக்காடும் புற ஊதா பி கதிர்களைத் தடுப்பதால், இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு சிறிதே. மாறாக, புற ஊதா ஏ கதிர்களுக்கான பாதுகாப்பும், 80 நிமிட நீர்த்தாங்குதிறனும் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்தேன். நம் ஊர் வியர்வைக்கு அந்த 80 நிமிடமே தாராளக் கணக்கு என்பதால், துண்டால் துடைத்ததும் மீண்டும் பூசுகிறேன். நெற்றிக்கு மட்டும் ஸ்பிரேயை நிறுத்திவிட்டேன். வியர்வையோடு வழிந்து கண்ணில் இறங்கி எரிந்த எரிச்சலுக்குப் பின், அங்கே தொப்பிதான்.