பார்டர் டெரியரின் முடியைப் பிடுங்குமுன் குளிப்பாட்டாதீர்கள்

கண்காட்சிக்காகப் பார்டர் டெரியர் இன நாயின் மேல்முடியைப் பிடுங்கும்போது, குளிப்பாட்டாத உலர்ந்த உடலில், விரல்களுக்கு ரப்பர் உறை மாட்டி, சிறிது சுண்ணக்கட்டித் தூள் தொட்டுக்கொண்டு, நான்கைந்து முடிகளாக வளரும் திசையிலேயே இழுத்தால் வேலை விரைவில் முடியும். முதிர்ந்த முடி வேரில் ஏற்கெனவே தளர்ந்திருப்பதால் வலியின்றி வந்துவிடும்; குளித்த முடியோ மென்மையாகி விரலிலிருந்து வழுக்கும். கத்தரித்தால் செத்த முடியின் அடிப்பகுதி தோலிலேயே தங்கி, சொரசொரப்பும் நிறமும் மங்கிவிடும்; இங்கிலாந்து–ஸ்காட்லாந்து எல்லையின் மழையிலும் முட்புதரிலும் நரி வேட்டைக்கு உழைத்த இவ்வினத்தில் நடுவர் கைவைத்துப் பார்ப்பவற்றில் அந்தச் சொரசொரப்பும் ஒன்று. இழுக்கும்போது முடி எதிர்த்தால் அது இன்னும் முதிரவில்லை, சில வாரம் பொறுங்கள். கருத்தடை செய்யப்பட்டுப் பஞ்சுபோல் மென்மையான முடி வளர்ந்த நாய்க்கும், தோலில் புண் உள்ள நாய்க்கும் இம்முறை பொருந்தாது.