கம்பைல் ஆன நிரல் ஓடாமல் நிற்பது ஏன்? பகிர்வு நூலகங்களை இணைக்கும் முறை

தங்கச்சிமடத்தில் படகு வைத்திருக்கும் என் மச்சானுக்காக, ஜிபிஎஸ் கருவியில் குறித்த இரண்டு இடங்களுக்கு இடையே எத்தனை கடல் மைல் என்று கணக்கிடும் சிறிய சி நிரல் ஒன்றை எழுதினேன். மண்டபத்தில் என் கணினியில் ஒழுங்காக ஓடிய அது, அவருடைய லினக்ஸ் மடிக்கணினியில் ‘லிப்தூரம்.எஸ்ஓ.1 என்ற பகிர்வுக் கோப்பைத் திறக்க இயலவில்லை’ என்ற பொருளில் ஒரு வரியைக் காட்டிவிட்டு நின்றது. “பக்கத்துலதானே கிடக்கு மச்சான், அதுக்குக் கண்ணு தெரியலையா?” என்றார். நியாயமான கேள்வி. அந்தக் கோப்பு ஒரு பகிர்வு நூலகம்: நிரலுக்கு வெளியே தனியாக இருந்து, பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தக்கூடியது. தொலைவுக் கணக்கை அதில்தான் வைத்திருந்தேன். கட்டளைகளை அவருக்குத் தொலைபேசியில் வாசித்த விதமாகவே இங்கு தருகிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்துகளில் தட்டிக்கொள்ளவும்.

ஜிசிசி என்று ஒரே பெயரில் நாம் அழைக்கும், சி நிரலை ஓடக்கூடியதாக்கும் கருவிக்குள் கம்பைலரும் லிங்க்கரும் அடுத்தடுத்து வேலை செய்கின்றன. மூல நிரலை இயந்திர மொழியிலான ஆப்ஜெக்ட் கோப்பாக மாற்றுவதோடு கம்பைலரின் பணி முடிகிறது. அக்கோப்புகளைச் சேர்க்கும் லிங்க்கர், ஸ்டாட்டிக் நூலகமானால் வேண்டிய பகுதிகளை நிரலுக்குள்ளேயே நகலெடுத்துவிடும். பகிர்வு நூலகமானால், நாம் அழைக்கும் செயற்கூறு (ஃபங்ஷன்) அதில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, நூலகத்தின் பெயரை மட்டும் எழுதிவைக்கும். நிரல் புறப்படும் நேரத்தில் அந்தப் பெயரைத் தேடி நினைவகத்தில் ஏற்றுவது லோடர். பாம்பனிலிருந்து கடலுக்குப் போகும் படகு ஐஸ் ஆலையைச் சுமந்து செல்வதில்லை. புறப்படும்போது கரையில் ஐஸ் ஏற்றிக்கொள்கிறது.

தொலைவுக் கணக்கை ‘தூரம்.சி’ என்ற தனிக் கோப்பில் வைத்து, ‘ஜிசிசி -சி -எஃப்பிஐசி தூரம்.சி’ என்று கம்பைல் செய்ய வேண்டும். இதில் ‘பிஐசி’ மூன்றும் பெரிய எழுத்துகள். நூலகம் ஒவ்வொரு நிரலிலும் வெவ்வேறு முகவரியில் ஏற்றப்படலாம் என்பதால், அதன் கட்டளைகளில் நிலையான முகவரி எதுவும் இருக்கக் கூடாது. அப்போதுதான் நினைவகத்திலுள்ள ஒரே பிரதியைப் பல நிரல்கள் பகிர முடியும். அந்த ஏற்பாட்டைச் செய்வது இந்த விருப்பம்.

அடுத்து, ‘ஜிசிசி -ஷேர்டு -டபிள்யுஎல்,-சோநேம்,லிப்தூரம்.எஸ்ஓ.1 -ஓ லிப்தூரம்.எஸ்ஓ.1.0 தூரம்.ஓ -எல்எம்’. சைன், கோசைன் ஆகியவை கணித நூலகத்தில் இருப்பதால் இறுதியில் ‘எல்எம்’ வருகிறது. ‘டபிள்யு’ மட்டும் பெரிய எழுத்து. சோநேம் என்பது நிரலுக்குள் எழுதப்படப்போகும் பெயர். ‘எல்என் -எஸ்’ கொண்டு இந்தக் கோப்புக்கு இரண்டு இணைப்புகள் உருவாக்க வேண்டும்: எண் இல்லாத ‘லிப்தூரம்.எஸ்ஓ’ லிங்க்கருக்கு, ‘லிப்தூரம்.எஸ்ஓ.1’ லோடருக்கு.

பிறகு முதன்மை நிரல்: ‘ஜிசிசி முதன்மை.சி -எல். -எல்தூரம் -ஓ கடல்மைல்’. முதல் ‘எல்’ பெரியது, அதை ஒட்டிய புள்ளி இப்போதைய அடைவை (ஃபோல்டரை) குறிக்கும், இரண்டாவது சின்னது. நூலகத்தை மூலக் கோப்புக்குப் பின்னால் எழுதுவதே பாதுகாப்பு. உபுண்டுவில் முன்னால் எழுதினால், இதுவரை யாரும் கேட்காத நூலகம் என்று லிங்க்கர் அதை விட்டுவிடும்.

பெரிய ‘எல்’ காட்டும் இடம் லிங்க்கருக்கு மட்டுமே உரியது. அது நிரலுக்குள் பதிவாவதில்லை. ‘ரீட்எல்ஃப் -டி கடல்மைல்’ என்று பார்த்தபோது, தேவைப்படும் நூலகம் என்ற வரியில் லிப்தூரம்.எஸ்ஓ.1 என்ற வெறும் பெயர்தான் இருந்தது. லோடர், நிரல் கிடக்கும் அடைவைத் தானாகத் தேடாது. என் கணினியில் ஓடியதற்குக் காரணம், எப்போதோ நான் அமைத்து மறந்துபோன ‘எல்டி லைப்ரரி பாத்’ என்ற சூழல் மாறி; லோடர் கூடுதலாக எங்கே தேட வேண்டும் என்று சொல்லும் அமைப்பு அது. பிழை என்னுடையதுதான். எந்த நூலகம் எங்கிருந்து கிடைக்கிறது, எது கிடைக்கவில்லை என்பதை ‘எல்டிடி’ காட்டும். ஆனால் நம்பிக்கையற்ற இடத்திலிருந்து வந்த நிரல்மீது அதை ஏவக் கூடாது, சில வேளைகளில் அது நிரலையே ஓட்டிவிடக்கூடும்.

தீர்வு இரண்டு. எல்லாப் பயனர்களுக்கும் வேண்டுமென்றால், நூலகத்தை லோடர் தேடும் அடைவு ஒன்றில் வைத்து, லோடரின் பட்டியலைப் புதுப்பிக்கும் ‘எல்டிகான்ஃபிக்’ கட்டளையை நிர்வாகி உரிமையுடன் இயக்க வேண்டும். யுஎஸ்பியில் எடுத்துப்போகும் நிரலுக்கு, லிங்க் செய்யும்போது ‘-டபிள்யுஎல்,-ஆர்பாத்,டாலர்ஆரிஜின்’ சேர்ப்பதே எனக்குப் பிடித்த வழி. டாலர் என்பது குறியீடு, ஆரிஜின் முழுவதும் பெரிய எழுத்து. நிரல் எந்த அடைவில் இருக்கிறதோ அங்கேயே தேடு என்பது அதன் பொருள். ஒற்றை மேற்கோளுக்குள் எழுதாவிட்டால், நாம் தட்டும் கட்டளையை முதலில் வாசிக்கும் ஷெல் அதைத் தன் மாறி என்று எண்ணி விழுங்கிவிடும்.

சரிபார்க்க, ஒரே தீர்க்கரேகையில் 9 பாகை 17 நிமிடத்திலிருந்து 9 பாகை 27 நிமிடம் வரை கொடுத்தோம். அட்சரேகையில் ஒரு நிமிடம் ஏறத்தாழ ஒரு கடல் மைல், அதாவது 1852 மீட்டர், என்பதால் விடை 10-ஐ ஒட்டி வர வேண்டும். வந்தது. பின்னர் கணக்கில் ஒரு திருத்தம் செய்தபோது லிப்தூரம்.எஸ்ஓ.1.1 என்ற புதிய கோப்பை மட்டும் அனுப்பி, இணைப்பை அதற்கு மாற்றச் சொன்னேன். முதன்மை நிரலைத் தொடவே இல்லை. செயற்கூறு வாங்கும் உள்ளீடுகளை மாற்றும் நாளில் மட்டும் சோநேமின் எண்ணை 2 ஆக்க வேண்டும். இல்லையேல் பழைய நிரல் எதிர்ப்பேதும் காட்டாமல் ஓடி, தவறான மைலைக் காட்டும்.