லிங்க்கைத் தட்டினால் திறக்குமா, இறங்குமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு அல்சூர் பக்கம் நண்பர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் தமிழ் மாத இதழுக்கு இணைய வேலைகளை நான் பார்த்துக்கொள்கிறேன். இதழ் பிடிஎஃப் வடிவில்தான் வருகிறது. ஒரு மாதம் ஸ்ரீராமபுரத்திலிருந்து பெரியவர் ஒருவர் போன் செய்தார். "தம்பி, எத்தனை தடவ தட்டினாலும் ஒண்ணுமே வரல." போய்ப் பார்த்தால், அவருடைய லேப்டாப்பின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் அதே இதழ் ஏழு பிரதிகளாக இறங்கிக் கிடந்தது. படிக்க ஆசையோடு வந்தவரைத் தேட வைத்துவிட்டோமே என்று எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

பைல் திறப்பதா இறங்குவதா என்று லிங்க்தான் முடிவுசெய்கிறது என நினைப்பதுதான் பெரிய தவறு. பைலோடு சேர்த்துச் சர்வர் (பைலை வைத்திருந்து அனுப்பும் கணினி) சில ஹெடர்களை, அதாவது பிரவுசருக்கான குறிப்புகளை அனுப்புகிறது. அவற்றில் கன்டென்ட்-டிஸ்பொசிஷன் என்ற ஹெடர் 'இன்லைன்' என்றால் பிரவுசர் அங்கேயே திறந்து காட்டப் பார்க்கும். 'அட்டாச்மென்ட்' என்றால் இறக்கிவிடும். முதலில் மின்னஞ்சல் இணைப்புகளுக்காக வந்த ஏற்பாடு இது. வலைக்கான விதிகளை 2011இல் வந்த ஆர்எஃப்சி 6266 என்ற இணையத் தர ஆவணம் வகுத்தது. சர்வர் அட்டாச்மென்ட் என்று சொன்ன பிறகு, லிங்க்கில் 'டார்கெட் பிளாங்க்' போட்டுப் பயனில்லை. அது புது டேபைத் திறக்கும், அவ்வளவுதான்.

பைலை இறக்கிவிடு என்று பிரவுசரிடம் சொல்ல லிங்க்கில் சேர்க்கும் 'டவுன்லோட்' என்ற பண்பும் பலரை ஏமாற்றும். பக்கமும் பைலும் ஒரே தளத்தில், அதாவது ஒரே டொமைனில் இருந்தால்தான் அது வேலை செய்யும். இதழை வேறொரு கிளவுட் முகவரியில் வைத்துவிட்டு இந்தப் பண்பை நம்பினால், குரோம் 2018 முதல் அதைக் கண்டுகொள்வதில்லை, பைல் திறந்துவிடும். அப்போது செய்ய வேண்டியது, கிளவுட் பக்கமே அட்டாச்மென்ட் ஹெடர் வர வைப்பது.

எங்கள் பெரியவருக்கு நேர்ந்தது இன்னொரு தவறால். பைலின் வகையைச் சொல்லும் கன்டென்ட்-டைப் ஹெடரில் 'அப்ளிகேஷன்/பிடிஎஃப்' என்று இருக்க வேண்டும். அந்த மாதம் பைலை ஒரு ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) வழியாக ஏற்றியபோது வகையைச் சொல்ல மறந்துவிட்டோம். அமேசான் எஸ்3 போன்ற கிளவுட் சேமிப்பு இடங்களில் வகை சொல்லாமல் ஏற்றினால் 'பைனரி/ஆக்டெட்-ஸ்ட்ரீம்' என்று பதிவாகும். என்ன பைல் என்றே தெரியாதபோது பிரவுசர் அதைத் திறக்காமல் இறக்கிவைக்கும். வகையைத் திருத்திய பிறகும் சிலருக்குப் பழையபடியே இறங்கியது. இடையில் இருந்த சிடிஎன் (பைல்களின் நகலை வைத்து வாசகர்களுக்கு வேகமாகத் தரும் சர்வர்கள்) பழைய ஹெடரையே நினைவில் வைத்திருந்தது. அந்த நினைவை, அதாவது கேஷைக் காலி செய்த பிறகுதான் எல்லோருக்கும் இதழ் திறந்தது.

தமிழில் பெயர் வைப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். கன்டென்ட்-டிஸ்பொசிஷன் ஹெடரில், இறங்கும் பைலின் பெயருக்காக 'ஃபைல்நேம்' என்று போட்டு நேராகத் தமிழ் எழுத்துகளை எழுதினால் பெயர் சிதைந்துபோக வாய்ப்பு அதிகம். பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்ட 'ஃபைல்நேம்' அளவுரு இதற்காகவே இருக்கிறது: முதலில் யூடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்துகளுக்குமான குறியீட்டு முறை) என்று சொல்லிவிட்டு, பெயரைச் சதவீதக் குறியீடாக (%E0 போன்ற வடிவில்) மாற்றித் தர வேண்டும். சாதா அளவுருவில் ஓர் ஆங்கிலப் பெயரையும் வைத்துவிடுங்கள், நட்சத்திரக் குறி போட்டது புரியாத பழைய கருவிகளுக்கு அது உதவும்.

அப்புறம், பாதுகாப்பு. வாசகர்கள் ஏற்றும் பைல்களை ஒருபோதும் உங்கள் டொமைனிலிருந்து இன்லைனாகக் காட்டாதீர்கள். படம் என்று நாம் நினைக்கும் எஸ்விஜி பைலுக்குள் ஸ்கிரிப்ட் இருக்கலாம். அதைத் தனியாகத் திறந்தால் அந்த ஸ்கிரிப்ட் உங்கள் தளத்தின் பெயரில் ஓடும், உள்நுழைந்திருப்பவரின் கணக்கைத் தொடவும் வழியுண்டு. அட்டாச்மென்ட் என்று அனுப்புங்கள், பைலின் வகையைப் பிரவுசர் தானாக ஊகிக்காமல் தடுக்கும் 'நோஸ்னிஃப்' ஹெடரையும் சேர்த்துவிடுங்கள். முடிந்தால் வேறு டொமைனில் வையுங்கள். இதில் மட்டும் வசதிக்காக விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இவ்வளவு செய்தும் சில இடங்களில் பைல் இறங்கவே செய்யும். குரோமில் பிடிஎஃப்களைத் திறக்காமல் இறக்கும் அமைப்பை யாரும் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். பல ஆண்ட்ராய்டு போன்களில் பிடிஎஃப் முதலில் இறங்கி, பிறகு வேறு ஆப்பில் திறக்கும். மெட்ரோவில் நின்றபடி படிப்பவர்களை நினைத்து, கட்டுரைகளைச் சாதாரண வலைப்பக்கமாகவும் இப்போது போடுகிறோம்.

எது திறக்க வேண்டும், எது இறங்க வேண்டும் என்பதில் எங்கள் முடிவு எளிது: படிப்பதற்கான இதழ் திறக்கட்டும், நிரப்பி அனுப்ப வேண்டிய சந்தா படிவம் இறங்கட்டும். லிங்க்குக்குப் பக்கத்திலேயே 'பிடிஎஃப், 4 எம்பி' என்று வகையையும் அளவையும் எழுதுகிறோம். அனுப்பும் முன் எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதியில் கன்டென்ட்-டைப், கன்டென்ட்-டிஸ்பொசிஷன் ஆகிய இரண்டு ஹெடர்களையும் ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் வாட்ஸ்அப்பில் லிங்க் போகிறது.