பழைய வேனை உணவு வண்டியாக்கப் போகிறீர்களா? தகட்டை வெட்டுவதற்கு முன் கொஞ்சம் படியுங்கள்

பழைய வேன் வாங்கி உணவு வண்டி போட நினைப்பவர்கள் பெரும்பாலும் வேனிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ‘ஒரு குட்டி யானை சல்லிசாக வருது’ என்று யாரோ சொல்வார். மறுநாளே முன்பணம் கைமாறிவிடும். என்ன சமைப்பது, எங்கே நிறுத்துவது என்ற பேச்சு வண்டி வாசலுக்கு வந்த பிறகுதான் ஆரம்பிக்கும். நான் பார்த்தவரை இந்தத் தொழிலில் பணம் இழந்தவர்கள் பலர் சறுக்கியது இங்கேதான். கைப்பக்குவம் இல்லாமல் தோற்றவர்கள் குறைவு.

ஆகவே முதலில் ஒரு தாளை எடுத்து, வண்டியில் ஏறப்போகும் ஒவ்வொரு பொருளின் எடையையும் எழுதுங்கள். தோசை வண்டியையே எடுத்துக்கொள்வோம். மூன்றடிக்கு இரண்டடி, 10 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புக் கல் மட்டும் ஏறக்குறைய 44 கிலோ. 19 கிலோ சிலிண்டர் என்பது உள்ளே இருக்கும் வாயுவின் எடைதான்; இரும்போடு சேர்த்தால் 35 கிலோவைத் தாண்டும். மாற்றுக்கு ஒன்று வேண்டும், ஆக 70. தண்ணீர் 200 லிட்டர் என்றால் 200 கிலோ. இன்வெர்ட்டர் பேட்டரி 50. ஃபிரிட்ஜ், மாவு, பாத்திரம் எல்லாம் சேர்த்து 150. உள்ளே வேலை செய்யும் இருவர் 130. இதற்கெல்லாம் மேலே, சதுரக் குழாயில் சட்டம் அடித்துத் தகடு போர்த்திக் கட்டும் பாடி 300 கிலோவாவது வரும். கூட்டிப் பாருங்கள், 900 கிலோவைத் தாண்டிவிட்டது. குட்டி யானை என்று நாம் கூப்பிடும் டாடா ஏஸின் ஆரம்ப மாடல்கள் சுமப்பதோ முக்கால் டன். பின்தொட்டியைக் கழற்றுவதால் கொஞ்சம் மிச்சமாகும், ஆனால் போதாது.

என் மச்சான் வண்டி போட்டபோது இந்தக் கணக்கை நாங்கள் போடவில்லை. பாடி கட்டி, பெயின்ட் அடித்து முடித்த பிறகுதான் எடை மேடையில் ஏற்றினோம். சீட்டைப் பார்த்ததும் இருவருக்கும் பேச்சு வரவில்லை. தண்ணீர்த் தொட்டியைப் பாதியாக்கி, உள்ளே அடித்திருந்த அலமாரிகளைப் பிரித்தெடுத்து, இரண்டு மாதம் தள்ளித்தான் கடை திறந்தது. ‘ரெண்டு பட்டை சேர்த்துப் போட்டா தாங்கும்’ என்று பட்டறையில் சொன்னார்கள். ஸ்பிரிங் பட்டையைக் கூட்டினால் வண்டி தாழாமல் நிற்கும், அவ்வளவுதான். பிரேக்கும் அச்சும் டயரும் பழைய பலத்திலேயே இருக்கும், ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) உள்ள மொத்த எடை வரம்பும் மாறாது. தயவுசெய்து அந்த யோசனைக்கு மட்டும் தலையாட்டாதீர்கள். வண்டியை வாங்கியதும் வெற்று எடை ஒருமுறை, சட்டம் அடித்ததும் ஒருமுறை, எல்லாம் முடிந்து தண்ணீர் நிரப்பியபின் ஒருமுறை என்று மூன்று தடவை எடை மேடைக்குப் போய்வாருங்கள். அதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

எடை எவ்வளவு என்பதோடு எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். கல், ஃபிரிட்ஜ், சிலிண்டர் எல்லாம் ஒரே பக்கம் இருந்தால் வண்டி ஒருக்களித்தே ஓடும். தண்ணீர்த் தொட்டியைத் தாழ்வாக, பின் அச்சை ஒட்டி வையுங்கள். உள்ளே தடுப்பு இல்லாத தொட்டி பாதி நிறைந்திருக்கும்போது, திருப்பத்தில் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து வண்டியை இழுக்கும்.

கணக்கு கையில் வந்த பிறகுதான் எந்த வண்டி என்ற கேள்வி. மாருதி ஆம்னி வேனில் டீ, சுண்டல், சாண்ட்விச் விற்கலாம். நிமிர்ந்து நின்று தோசை ஊற்ற முடியாது. கல்லும் வறுவலும் உண்டு என்றால் தோஸ்த், பொலேரோ பிக்கப் போன்ற பெரிய சரக்கு வண்டிகள் பக்கம் பாருங்கள். டிராவலர் வேன் கிடைத்தால் கூரை ஏற்கெனவே உயரமாக இருக்கும்.

பார்க்கப் போகும்போது எல்லோரும் இன்ஜினையே சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார்கள். உணவு வண்டி ஒரு நாளில் ஓடுவது பத்து, இருபது கிலோமீட்டர். இன்ஜினை இறக்கி வேலை பார்த்துக்கொள்ளலாம். சேசிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், துருப்பிடித்திருந்தால் அதன்மேல் எதையும் கட்ட முடியாது. எனவே அடியில் படுத்துப் பாருங்கள். சின்னச் சுத்தியலால் சட்டத்தைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். பொத்தென்று கேட்டால் உள்ளே அரித்திருக்கிறது. அடிப்பகுதிக்கு மட்டும் புதிதாகக் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தால் ஸ்குரூ டிரைவரால் சுரண்டிப் பாருங்கள். கடலோர ஊர்களில் மீன் ஏற்றிய வண்டிகளை விலை எவ்வளவு குறைந்தாலும் நான் தொடமாட்டேன். ஐஸ் உருகி வடியும் உப்புத் தண்ணீர் தளத்தையும் சட்டத்தையும் வருஷக்கணக்காகத் தின்றிருக்கும். பாடியில் காந்தம் வைத்துப் பாருங்கள். பிடிக்காத இடத்தில் பட்டி தடிமனாகப் பூசியிருக்கிறார்கள். இன்ஜினுக்கு ஒன்றே ஒன்று: நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சூடான இன்ஜின் தன் கோளாறைக் காட்டாது.

அடுத்து காகிதம். நம்மூரில் அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது இதுதான். ‘கையெழுத்துப் போட்ட ஃபார்ம் இருக்கு, அப்புறம் மாத்திக்கலாம்’ என்று புரோக்கர் சொல்வதை நம்பி முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்கான 29, 30 ஆம் எண் படிவங்களோடு, கடன் இருந்த வண்டி என்றால் எச்.பி. (ஆர்.சி.யில் உள்ள கடன் குறிப்பு) ரத்துக்கான 35 ஆம் எண் படிவமும் ஃபைனான்ஸ் நிறுவனத்தின் என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்றும்) வேண்டும். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் எஃப்.சி. (தகுதிச் சான்று), இன்ஷூரன்ஸ், வரி, நிலுவையில் உள்ள அபராதம் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். சேசிஸ் எண்ணை ஆர்.சி.யோடு ஒரு எழுத்து விடாமல் ஒப்பிடுங்கள். போக்குவரத்து வாகனத்துக்கு எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி., அதன்பின் ஆண்டுதோறும். 15 ஆண்டு தாண்டிய வண்டிக்கு 2022 ஏப்ரல் முதல் எஃப்.சி. கட்டணமே பல மடங்கு ஆகிவிட்டது. அடிமாட்டு விலைக்கு வரும் வண்டிகள் பலவும் அதனால்தான் அந்த விலைக்கு வருகின்றன.

வண்டி உங்கள் பெயருக்கு வந்த பிறகும் உடனே வெட்ட ஆரம்பிக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52 ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது; அனுமதிக்கப்படும் மாற்றத்துக்கும் ஆர்.டி.ஓ.வின் ஒப்புதல் வேண்டும். 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்தமாகச் சொன்னது. சரக்கு வாகனம் என்று பதிவான வண்டிக்குள் அடுப்பு மூட்டுவதும், ‘மொபைல் கேன்டீன்’ என்று பதிவை மாற்றிக்கொண்டு மூட்டுவதும் ஒன்றல்ல. முந்தையதில் தீப்பிடித்தால் இன்ஷூரன்ஸ் கிடைக்கும் என்று நினைக்கவே வேண்டாம். உங்கள் வரைபடத்தை எடுத்துக்கொண்டு முதலில் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போங்கள். இதே போன்ற வண்டிக்குப் பாடி கட்டி அனுமதியும் வாங்கிய பட்டறை எது என்று விசாரியுங்கள். கரூர் பக்கம் பாடி கட்டுவதில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் இருக்கிறார்கள். பக்கத்துத் தெரு வெல்டிங் பட்டறையைவிட நூறு கிலோமீட்டர் தள்ளிப் போவது லாபமாக இருக்கலாம்.

இனி கேஸ். இதை மட்டும் ஒருமுறைக்கு இரண்டுமுறை படியுங்கள், ஏனென்றால் மற்ற தவறுகளில் பணம்தான் போகும். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு படர்ந்து தேங்கி நிற்கும். கூரையில் எக்ஸாஸ்ட் மின்விசிறி போட்டுவிட்டோமே என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அது புகைக்கும் சூட்டுக்கும் உதவுமே தவிர கசிவுக்கு உதவாது. தரை மட்டத்தில் வெளியே திறக்கும் துவாரங்கள் வேண்டும். சிலிண்டரைச் சமைக்கும் இடத்தில் வைக்கவே வைக்காதீர்கள். வெளிப்பக்கம் கதவுள்ள தனி அறையில், அடியில் துவாரம் விட்டு, நிமிர்த்தி நிறுத்தி, ஓட்டும்போது ஆடாதபடி பட்டை போட்டுக் கட்டுங்கள். அறையிலிருந்து அடுப்புவரை உலோகக் குழாய். ரப்பர் குழாய் கடைசி ஒரு முழத்துக்கு மட்டும், அதுவும் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு. வண்டி நகரும்போது சிலிண்டர் வால்வு மூடியிருக்க வேண்டும். வீட்டுக்குத் தரும் 14.2 கிலோ சிலிண்டரைக் கடையில் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம். பின்கதவு உள்ளிருந்தும் திறக்க வேண்டும். பழைய வேன்களில் பலவற்றுக்கு வெளியே மட்டும்தான் தாழ்ப்பாள். தீயணைப்பானைக் கதவோரம் மாட்டுங்கள். அடுப்புக்குப் பின்னால் மாட்டினால் தேவைப்படும்போது கை போகாது. எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதை வேலைக்கு வரும் பையனுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

சூட்டுக்குத் தெர்மகோல் அடிப்பது இன்னொரு ஆபத்து. சித்திரை வெயிலில் தகட்டுக்குள் நிற்க முடியாது, தடுப்பு வேண்டும்தான். ஆனால் தெர்மகோல் பற்றினால் கரும்புகையோடு எரியும். எரியாத ராக் வூல் (கல்லிழைப் பஞ்சு) கிடைக்கிறது, அதைப் போடுங்கள். ஸ்டீல் தகடு வாங்கும்போது காந்தம் ஒட்டவில்லை என்பதால் அது துருவை நன்கு தாங்கும் 304 தரம் என்று நம்பிவிடாதீர்கள். விலை குறைந்த 202 தரத்திலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. உப்பும் புளியும் படும் இடத்தில் அது சீக்கிரம் துருப்பிடிக்கும். பில்லில் தரத்தை எழுதி வாங்குங்கள்.

விற்பனை ஜன்னல் எந்தப் பக்கம்? அமெரிக்க வீடியோக்களைப் பார்த்து அப்படியே வரைந்தால் வலப்பக்கம் வரும். அங்கே வண்டிகள் சாலையின் வலது ஓரத்தில் நிற்கின்றன. நாம் இடது ஓரம் நிறுத்துகிறோம். ஜன்னல் வலப்பக்கம் இருந்தால் தட்டேந்திய குழந்தை லாரி போகும் சாலையில் நிற்கும். தகட்டை வெட்டிய பிறகு இதைத் திருத்துவது பெரும்பாடு.

கழிவுநீர்த் தொட்டி நல்ல தண்ணீர்த் தொட்டியைவிடப் பெரிதாக இருக்கட்டும். உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்கப் பதிவு எண் வாங்காமல் முதல் தோசையை விற்காதீர்கள். நிறுத்தும் இடத்துக்கு 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி மாநகராட்சியிலோ நகராட்சியிலோ விற்பனைச் சான்றிதழும் அனுமதித்த பகுதிகளும் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் யாராவது ஒருவரின் காலி மனையை எழுத்துப்பூர்வமாக வாடகைக்கு எடுப்பது நல்லது. தினம் தினம் ‘வண்டியை எடு’ என்ற சத்தத்துக்கு நடுவே யாராலும் சமைக்க முடியாது.

பெயின்ட்டும் ஸ்டிக்கரும் கடைசி. அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை வீட்டு வாசலிலேயே நிறுத்தி, சொந்தக்காரர்கள் முப்பது பேரைக் கூப்பிட்டு, காலையிலிருந்து மதியம்வரை உள்ளேயே நின்று சமைத்துப் பாருங்கள். மச்சான் வண்டியில் அன்றைக்குத்தான் தெரிந்தது, ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தால் கல்லுக்கு முன்னால் நிற்பவர் நகர வேண்டியிருக்கிறது என்று. ஃபிரிட்ஜை அரை அடி தள்ளி வைத்து அன்று மாலையே சரிசெய்துவிட்டோம்.