சீனத் திருநாள்களின் தேதியைக் கணிக்கும் முறை

சீனத் திருநாள் ஒன்றின் தேதியைக் கணிக்கத் தொடங்கும் முன், அது சந்திரனைச் சார்ந்ததா, சூரியனைச் சார்ந்ததா என்று பிரித்துக்கொள்ளுங்கள். முன்னோர் கல்லறைகளைத் தூய்மை செய்து வழிபடும் சிங்மிங், ஏப்ரல் 4 முதல் 6 வரையிலான தேதிகளில் ஒன்றில் வந்துவிடும். அதற்குச் சூரியனின் நிலை மட்டுமே அடிப்படை. புத்தாண்டு (முதல் மாதம், முதல் நாள்), விளக்குத் திருவிழா (முதல் மாதம், 15ஆம் நாள்), டிராகன் படகுத் திருவிழா (ஐந்தாம் மாதம், ஐந்தாம் நாள்), நடு இலையுதிர்காலத் திருவிழா (எட்டாம் மாதம், 15ஆம் நாள்) ஆகியவற்றுக்குச் சந்திர மாதங்களை எண்ண வேண்டும்.

அமாவாசை நிகழும் கணம் எந்த நாளில் விழுகிறதோ, அந்த நாளே மாதத்தின் முதல் நாள். அந்தக் கணத்தைச் சீன நேரப்படி, அதாவது கிரீன்விச் நேரத்துடன் 8 மணி நேரம் கூட்டிய நேரப்படி பார்க்க வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். 2025 செப்டம்பரில் கிரீன்விச் நேரப்படி 21ஆம் தேதி இரவு நிகழ்ந்த அமாவாசை, சீனாவில் 22ஆம் தேதி அதிகாலையாக இருந்தது. ஆகவே எட்டாம் மாதம் 22இல் பிறந்து, அதன் 15ஆம் நாளான அக்டோபர் 6இல் நடு இலையுதிர்காலத் திருவிழா வந்தது.

அடுத்து மாதங்களுக்கு எண் இட வேண்டும். டிசம்பரில் ஆண்டின் மிக நீண்ட இரவு வரும் நாளைத் தன்னுள் கொண்ட மாதம் எப்போதும் பதினொன்றாவது மாதமே, அதிலிருந்து எண்ணுங்கள். ஒரு பதினொன்றாம் மாதத்தின் தொடக்கத்திலிருந்து அடுத்த பதினொன்றாம் மாதத்தின் தொடக்கம் வரை 12க்குப் பதிலாக 13 மாதங்கள் அமைந்தால், ஒரு மாதம் மிகை மாதமாகும். வானில் சூரியன் செல்லும் வட்டப் பாதையை 30 பாகைக்கு ஒன்றாகப் பிரிக்கும் பன்னிரு எல்லைகளில் ஒன்றையேனும் சூரியன் கடக்காத முதல் மாதமே அது. முந்திய மாதத்தின் எண்ணையே அது பெறும். 2025 ஜூலை 25 முதல் ஆகஸ்ட் 22 வரை இத்தகைய மிகை ஆறாம் மாதம் வந்ததால்தான், 2024இல் செப்டம்பர் 17இல் வந்த நடு இலையுதிர்காலத் திருவிழா மறு ஆண்டு அக்டோபருக்குத் தள்ளிப்போனது. மிகை மாதத்தில் திருநாள்களை மறுபடியும் எண்ணக்கூடாது.

புத்தாண்டுக்கு முந்திய இரவை எப்போதும் பன்னிரண்டாம் மாதத்தின் 30ஆம் நாள் எனக் குறித்துவிடாதீர்கள். மாதத்துக்கு 29 நாள்களும் உண்டு. புத்தாண்டின் தேதியை முதலில் கணித்து, அதிலிருந்து ஒரு நாள் பின்னோக்கிச் செல்வதே பிழையற்ற வழி.