மணாலியிலிருந்து சிஸ்ஸுவுக்குப் பனிக்காலத்தில் வண்டி ஓட்டுவது எப்படி?

ஹிமாச்சலில் மணாலிப் பக்கத்தையும் லாஹௌல் பள்ளத்தாக்கையும் இணைக்கும் அடல் சுரங்கப்பாதை 2020 அக்டோபர் 3-ஆம் தேதி திறக்கப்பட்டது. அதற்கு முன்பெல்லாம் 3,978 மீட்டர் உயரத்தில் இருக்கும் ரோதாங் கணவாயைப் பனி மூடிவிட்டால், லாஹௌல் பள்ளத்தாக்குக்கு மாதக்கணக்கில் சாலை கிடையாது. அவசரமென்றால் ஹெலிகாப்டர்தான். இப்போது 9.02 கிலோமீட்டர் சுரங்கத்தைக் கடந்தால் அந்தப் பக்கம் சிஸ்ஸு கிராமம். அதனால் பனியையே பார்த்திராதவர்கள்கூட ஜனவரியில் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

சுரங்கத்துக்குள் பனி விழாது. மணாலியிலிருந்து அதன் வாய் வரை உள்ள சுமார் 25 கிலோமீட்டரில் நன்றாகவே விழும். அந்த வழியில் சோலாங்குக்கும் துந்திக்கும் நடுவே பனிச்சரிவு அபாயமும் உண்டு. 2024 டிசம்பரில் நூற்றுக்கணக்கான வண்டிகள் சிக்கி நின்றது இந்தப் பகுதியில்தான். முதல்முறை போகிறவர்கள் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: ஒரு நாளை உபரியாக வையுங்கள்

டயர், செயின், கம்பளி எல்லாவற்றுக்கும் முன்னால் இதைத்தான் சொல்வேன். நாளைக் காலை சண்டிகரில் விமானம், இன்று ராத்திரிக்குள் மலையை விட்டு இறங்கியாக வேண்டும் என்ற நெருக்கடிதான் பலரைப் பனிக்குள் தள்ளுகிறது. திரும்பும் டிக்கெட்டைப் போடும்போதே ஒரு நாள் கூடுதலாக வைத்துப் போடுங்கள். குழந்தைகளோ வயதானவர்களோ கூட வந்தால் இரண்டு நாள். ஒரு ராத்திரி அறை வாடகை கூடுதலாகும். அது பெரிய காசு இல்லை.

படி 2: வானிலையைப் பாருங்கள்

இந்த மலைகளில் பனிக்காலப் பொழிவை மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்திய இடையூறுகள் என்ற வானிலை அமைப்புகள்தான் கொண்டுவருகின்றன. அவை வருவது பெரும்பாலும் சில நாட்களுக்கு முன்பே தெரிந்துவிடும். சிம்லா வானிலை மையம் மாவட்டவாரியாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகளைத் தருகிறது. மணாலி இருக்கும் குல்லு, சிஸ்ஸு இருக்கும் லாஹௌல்-ஸ்பிதி இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். என் கணக்கு இதுதான்: மஞ்சள் என்றால் காலையில் போய் மதியத்துக்குள் திரும்பலாம், ஆரஞ்சு என்றால் மணாலியை விட்டு நகர வேண்டாம். பனிச்சரிவு எச்சரிக்கையைத் தனியாகப் பார்க்க வேண்டும். அதைச் சண்டிகரில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வு நிறுவனம் வெளியிடுகிறது.

பனி பெய்வது எல்லாம் பனிப்புயல் ஆகிவிடாது. அமெரிக்க வானிலைச் சேவையின் வரையறைப்படி, மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்துக்குக் குறையாத காற்றோடு, 400 மீட்டருக்கு அப்பால் கண் தெரியாத நிலை மூன்று மணி நேரமாவது நீடித்தால்தான் அது பனிப்புயல். ஏற்கெனவே தரையில் கிடக்கும் பனியைக் காற்று கிளப்பினாலும் இதே நிலை வரும். அதனால் புதுப் பனி பெய்யாது என்று தெரிந்தாலும், காற்று எவ்வளவு என்பதையும் கட்டாயம் பாருங்கள்.

படி 3: வண்டியைத் தயார் செய்யுங்கள்

ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டும் பழக்கம் இருந்தால், கிளம்பும் முன் முழுவதும் வடித்துவிட்டு, அந்தக் குளிருக்கு ஏற்ற கூலன்ட் கலவையை நிரப்புங்கள். தண்ணீர் உறைந்து விரிந்தால் இன்ஜினே வெடிப்பு விடும். கண்ணாடி கழுவும் தண்ணீருக்கும் உறையாத திரவம் வேண்டும். பேட்டரி பழசாக இருந்தால் மாற்றிவிடுங்கள்.

டீசல் வண்டிக்காரர்களுக்கு இன்னொன்று. சமவெளியில் நிரப்பிய சாதாரண டீசல் கடுங்குளிரில் மெழுகுபோலத் திரிந்து ஃபில்டரை அடைத்துக்கொள்ளும். இதற்காகத்தான் இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் மைனஸ் 33 டிகிரி வரை தாங்கும் டீசலை லடாக்கில் அறிமுகப்படுத்தியது. சிஸ்ஸுவிலோ அதைத் தாண்டிய கேலாங்கிலோ ராத்திரி தங்குவதாக இருந்தால், டீசலுக்கு என்ன செய்கிறார்கள் என்று அங்குள்ள டிரைவர்களிடம் கேட்டு அதையே செய்யுங்கள்.

அப்புறம் டயர் செயின், அதாவது பனியில் வழுக்காமல் இருக்க டயர்மேல் மாட்டும் சங்கிலி. மணாலியிலேயே வாடகைக்குக் கிடைக்கும். வாங்கியதும் டிக்கியில் போட்டுவிடாதீர்கள். விடுதி வாசலில் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். இன்ஜின் எந்தச் சக்கரத்தைச் சுழற்றுகிறதோ அதற்குத்தான் மாட்ட வேண்டும். நம் ஊரில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலும் அது முன்சக்கரம். சமதளத்தில் நிறுத்தி, செயினைத் தரையில் விரித்து முறுக்கு எடுங்கள். டயரின் மேல் போர்வைபோலப் போர்த்தி, கொக்கியின் முனை டயரைக் குத்தாமல் வெளிப்பக்கம் பார்க்கும்படி வையுங்கள். வண்டியை அரை அடி நகர்த்தினால் டயருக்கு அடியில் மாட்டியிருந்த பகுதி வெளியே வரும். உள்பக்கக் கொக்கியை முதலில் மாட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாது, கையால் தடவித்தான் மாட்ட வேண்டும். பிறகு வெளிப்பக்கம். இருபது முப்பது மீட்டர் ஓட்டி நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். முதல் தடவை இறுக்கியது கட்டாயம் தளர்ந்திருக்கும். செயினோடு மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்ட வேண்டாம். தார் தெரிய ஆரம்பித்ததும் கழற்றிவிடுங்கள்.

வண்டிக்குள் இருக்க வேண்டியவை: ஆளுக்கொரு கம்பளி, குடிதண்ணீர், கடலை மிட்டாய், பேரீச்சம்பழம் மாதிரி சமைக்காமல் சாப்பிடக்கூடியவை, சிறிய மண்வெட்டி, டார்ச், பவர் பேங்க், பளிச்சென்ற நிறத்தில் ஒரு துணி, ரப்பர் கையுறை. பெட்ரோலோ டீசலோ பாதி டேங்குக்குக் கீழே இறங்க விடாதீர்கள்.

படி 4: ஓட்டும்போது

காலை ஒன்பது மணிக்கு முன் கிளம்ப வேண்டாம். சிஸ்ஸுவிலிருந்து மதியம் இரண்டு மணிக்குள் திரும்பிவிடுங்கள். வெயில் படாத வளைவுகளிலும் பாலங்களின் மேலும் கண்ணாடித் தகடுபோல உறைபனி படிந்திருக்கும். பார்வைக்கு ஈரத் தார் மாதிரிதான் இருக்கும். சாலை நனைந்து தெரிகிறது, ஆனால் எதிரே வரும் வண்டியின் சக்கரத்திலிருந்து தண்ணீர் தெறிக்கவில்லை என்றால் அது உறைபனிதான்.

இறக்கத்தில் இரண்டாவது கியரிலோ முதல் கியரிலோ, இன்ஜின் பிடிப்பிலேயே இறங்குங்கள். பிரேக்கை வளைவுக்கு முன்பே மெதுவாகத் தொட்டு வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வண்டி வழுக்க ஆரம்பித்தால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, போக வேண்டிய திசையைப் பார்த்து ஸ்டியரிங்கை மெல்லத் திருப்புங்கள். முன்வண்டிக்கும் உங்களுக்கும் வழக்கத்தைவிடப் பல மடங்கு இடைவெளி இருக்கட்டும். ராத்திரி நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக் போட்டால் உறைந்து பிடித்துக்கொள்ளும். கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். வைப்பரைக் கண்ணாடியிலிருந்து தூக்கி விடுங்கள்.

பனி பெய்தால் போலீஸ்காரர்கள் நேரு குண்ட் பக்கத்திலேயோ சோலாங்கிலேயோ நிறுத்தி, ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளை மட்டும் மேலே விடுவார்கள். அவர்களிடம் வாதாடாமல் திரும்பிவிடுங்கள்.

படி 5: நடுவழியில் சிக்கிவிட்டால்

2022 ஜனவரி 7-ஆம் தேதி இரவு, பாகிஸ்தானின் மர்ரி மலைநகருக்குப் பனி பார்க்கப் போன ஏராளமான வண்டிகள் பனிப்புயலில் மாட்டிக்கொண்டன. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் காருக்குள்ளேயே இறந்துபோனார்கள், குழந்தைகள் உட்பட. குளிரோடு கார்பன் மோனாக்சைடும் காரணமாகச் சொல்லப்பட்டது. சைலன்சர் முனையைப் பனி மூடியபின் ஹீட்டருக்காக இன்ஜினை ஓடவிட்டால், புகை வெளியேற வழியின்றி உள்ளே வந்துவிடும். அந்த வாயுவுக்கு மணமோ நிறமோ கிடையாது. தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் வரும். களைப்பு என்று நினைத்துத் தூங்கிவிடுவார்கள்.

அதனால் ஒவ்வொரு முறை இன்ஜினைப் போடும் முன்பும் இறங்கி, சைலன்சரைச் சுற்றியுள்ள பனியைக் கையாலோ மண்வெட்டியாலோ அள்ளி அப்புறப்படுத்துங்கள். ஒரு மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் மட்டும் இன்ஜினை ஓடவிடுங்கள். காற்று அடிக்காத பக்கத்துக் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி வையுங்கள். அள்ள அள்ளப் பனி மூடிக்கொண்டே இருந்தால் இன்ஜினைத் தொடவே வேண்டாம். எல்லோரும் ஒன்றாக நெருங்கி உட்கார்ந்து கம்பளிகளைச் சேர்த்துப் போர்த்திக்கொள்ளுங்கள். ஒருவராவது விழித்திருக்க வேண்டும்.

வண்டியை விட்டு நடக்காதீர்கள். வெளியே மைனஸ் 10 டிகிரி, காற்று மணிக்கு 50 கிலோமீட்டர் என்றால், திறந்த தோலுக்கு அது மைனஸ் 22 டிகிரிக் குளிர். கண் தெரியாத பனியில் பத்தடி தள்ளிப் போனாலே திரும்பும் திசை குழம்பிவிடும். பளிச்சென்ற துணியை ஆன்டெனாவிலோ கதவிலோ கட்டிவிட்டு 112-க்கு அழையுங்கள். ஹிமாச்சலில் மாவட்டப் பேரிடர் உதவிக்கு 1077. சிக்னல் விட்டு விட்டுக் கிடைத்தால் குறுஞ்செய்தி அனுப்புங்கள், அது போய்விடும். பனிச்சரிவுப் பகுதி என்று பலகை வைத்த இடத்தில் நிற்காதீர்கள்; வண்டி நகரும் நிலையில் இருந்தால் அதைத் தாண்டிப் போய் நிறுத்துங்கள்.

படி 6: உடம்பு காட்டும் அடையாளங்கள்

நடுங்குவது நல்லது, உடம்பு இன்னும் சூட்டை உண்டாக்குகிறது. நடுக்கம் நின்று, பேச்சு குழறி, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் வந்தால் உடல் வெப்பம் ஆபத்தாக இறங்கிவிட்டது. ஈர உடையைக் கழற்றி, மார்பையும் கழுத்தையும் முதலில் சூடாக்குங்கள். நினைவு இருந்தால் சூடாக, இனிப்பாகக் குடிக்கக் கொடுங்கள். மது வேண்டவே வேண்டாம். குடித்ததும் சூடாகத் தோன்றும், ஆனால் உள்சூடு தோல் வழியாக வெளியேறிவிடும்.

விரல் நுனி, மூக்கு, காது மரத்து வெளுத்தால் தேய்க்காதீர்கள், பனியை வைத்துத் தேய்க்கவே கூடாது. நெருப்பிலும் ஹீட்டரிலும் காட்டாதீர்கள்; மரத்த தோலுக்குச் சுடுவது தெரியாது. விரல்களை அக்குளில் வைத்துக்கொள்ளலாம். அறைக்கு வந்தபின் முழங்கை பொறுக்கும் வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் வைக்கலாம். வழியில் மறுபடி உறையக்கூடும் என்றால் இளக்காமல் அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மணாலியில் லேடி வில்லிங்டன் மருத்துவமனையும், சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் கேலாங்கில் அரசு மருத்துவமனையும் இருக்கின்றன.