நாகலூரில் முயல் கூண்டு: கழுவுவதும் காய வைப்பதும்

சேலம் சிவதாபுரத்தில் 22 ஆண்டுகள் கொலுசுப் பட்டறையில் உட்கார்ந்தவன் நான். வெள்ளியில் ஊசிமுனை அளவு கறை இருந்தாலும் கை சும்மா இருக்காது. மனைவியின் ஊரான ஏற்காடு மலை நாகலூருக்கு வந்து, 12 கூண்டுகளில் முயல் வைத்தபோதும் அதே கையோடுதான் போனேன். தினமும் காலையில் குழாயைப் பிடித்துக் கூண்டு, அதன் அடியில் கழிவு விழும் தட்டு, தரை என்று எல்லாவற்றையும் அலசிவிடுவேன். “முயல் வீடா, பூஜை அறையா?” என்று வருகிறவர்கள் கேட்பார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அந்த ஐப்பசியில் ஆறு வாரக் குட்டிகள் ஒன்பது செத்தன.

கால்நடை மருத்துவர் ஒரு குட்டியை அறுத்து ஈரலை எடுத்துக் காட்டினார். வழவழவென்று இருக்க வேண்டிய ஈரலின் மேல் அரிசிக் குருணையைத் தூவியதுபோல வெள்ளை முடிச்சுகள். “காக்சிடியா” என்றவர், “அண்ணா, கூண்டைக் கழுவினால் எத்தனை மணிக்குக் காய்கிறது?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. ஐப்பசி மழையில் இங்கே துவைத்த வேட்டியே மூன்று நாளைக்குக் காயாது.

அவர் விளக்கியது இவ்வளவுதான். காக்சிடியா என்பது கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி. அதன் முட்டைகள் புழுக்கையோடு வெளியே வரும்போது உடனே நோயைப் பரப்பாது. ஈரமும் கதகதப்பும் காற்றும் கிடைத்து ஓரிரண்டு நாள், குளிரென்றால் இன்னும் சில நாள் கிடந்தால்தான் முதிரும். முதிர்ந்ததை இன்னொரு முயல் தழையோடு தின்றால் நோய் பிடிக்கும். பினாயிலோ பிளீச்சிங் பவுடரோ அந்த முட்டையை ஒன்றும் செய்யாது, அதன் ஓடு அவ்வளவு கெட்டி. சூடும் உலர்வும்தான் கொல்லும். நான் தினமும் குழாயைத் திறந்து, அது முதிர்வதற்கு வேண்டிய ஈரத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அன்று முதல் அன்றாட வேலையில் தண்ணீர் இல்லை. காலையில் முதல் வேலை தட்டில் விழுந்ததை வழித்து எடுப்பது, கம்பியில் சிக்கிய புழுக்கையைப் பித்தளை பிரஷ்ஷால் தட்டுவது. முதிர்வதற்குள் அப்புறப்படுத்த வேண்டும் என்பதால் இதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போட முடியாது. திருவிழாவுக்குப் போனாலும் யாரையாவது வைத்துவிட்டுத்தான் போகிறேன். குட்டிகள் இருக்கும் கூண்டிலிருந்து தொடங்கிப் பெரிய முயல்களுக்குப் போவேன், நோயாளி கடைசி. அதற்குத் தனி பிரஷ், கைப்பிடியில் சிவப்புத் துணி சுற்றியது.

புழுக்கையைப் பார்த்துக்கொண்டே தட்டுங்கள். உருண்டையாக, உலர்ந்து இருந்தால் சரி. சின்னத் திராட்சைக் கொத்துபோலப் பளபளவென்று கிடப்பதைக் கழிச்சல் என்று நினைத்துப் பதற வேண்டாம். முயல் திரும்பத் தின்ன வேண்டிய மென்புழுக்கை அது. சிறுநீர் செங்கல் நிறத்தில் இருந்தாலும் பெரும்பாலும் தழையின் சாயம்தான். தண்ணீராகப் போவது, பின்பக்கம் ரோமம் ஒட்டிக்கிடப்பது, வயிறு உப்பிய குட்டி, இவை மூன்றும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டியவை.

தழையைத் தரையில் போடாதீர்கள். வேலிமசால், கல்யாண முருங்கை எதுவானாலும் கூண்டின் பக்கவாட்டில் கட்டித் தொங்கவிட்டால் மிதிபடாது. முயல் வாய் வைத்துக் குடிக்கும் தண்ணீர் நிப்பிளுக்குக் கீழே தினமும் விரலை வைத்துப் பாருங்கள். ஒரு சொட்டு ஒழுகும் நிப்பிள் இரவெல்லாம் ஒழுகினால் காலையில் தட்டில் குட்டையே இருக்கும்.

படுக்கைக்கு நான் பயன்படுத்துவது சில்வர் ஓக் மரச்சீவல். காபித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் மரம், இழைப்பகத்தில் சாக்கு சாக்காகக் கிடைக்கும். மாவாக இருக்கும் மரத்தூள் வேண்டாம், மூக்கில் ஏறும். கடலைத் தோல் நல்லது, அதுவும் காய்ந்து சலசலத்தால்தான். வைக்கோலைக் கையில் எடுத்து முகர்ந்து பாருங்கள். புளித்த வாடையோ சாம்பல் பூத்ததுபோலத் தூசியோ இருந்தால் பூஞ்சை பிடித்துவிட்டது, எருக்குழிக்குத்தான். காபித் தோல் சும்மா கிடைக்கிறதே என்று பக்கத்துத் தோட்டக்காரர் ஒரு வண்டி கொடுத்தார். ஈரத்தைக் குடித்து நான்கே நாளில் பூஞ்சை நூல் விட்டது. அதில் கஃபீன் வேறு இருக்கிறது. முயல் படுப்பதை எல்லாம் கொறிக்கும் பிராணி, அந்த வம்பு எதற்கு?

தாய் முயல் குட்டி போடும் பெட்டிக்குத்தான் அதிகக் கவனம் வேண்டும். முயலின் சினைக்காலம் 30, 31 நாள். 27-ஆம் நாள் பெட்டியை வைத்து, அடியில் நான்கு விரல் உயரத்துக்குச் சீவல் போடுவேன். தாய் தன் ரோமத்தைப் பிடுங்கி மெத்தை போடும். பிறகு நனைந்த சீவலை மட்டும் எடுத்துவிட்டு, உலர்ந்த ரோமத்தை அப்படியே திரும்ப வைக்க வேண்டும், குட்டிக்குச் சூடு அதுதான். கை சேறும் சகதியுமாக இருக்கக் கூடாது என்பதற்காகத் தொடுமுன் கழுவித் துடைத்துக்கொள்வேன். மூன்று வாரத்தில் குட்டிகள் தாமாக வெளியே வந்துவிடும், பெட்டியை எடுத்துவிடலாம். அதற்கு மேல் விட்டால் அதையே கழிப்பிடம் ஆக்கிவிடும். எடுத்த பெட்டியைச் சுரண்டி, கொதிநீர் ஊற்றி, சேலமாக இருந்தால் மொட்டை மாடியில் ஒரு பகல் கவிழ்த்தால் போதும். இங்கே வெயில் வந்தால்தானே! என் மாமியார் அடுப்புக்கு மேலே பரண் கட்டிக் கொடுத்தார். மிளகுக்கு அடுத்த இடம் முயல் பெட்டிக்கு. ஒரு வாரம் புகை குடித்த பலகை எலும்புபோல உலர்ந்திருக்கும். இதற்காகவே தேவைக்கு மேல் மூன்று பெட்டிகள் வைத்திருக்கிறேன்.

மாதத்துக்கு ஒரு முறை பட்டறைத் தொழில் கைகொடுக்கிறது. முயலை வேறு கூண்டுக்கு மாற்றிவிட்டு, வெறும் கூண்டை வெளியே எடுத்து வந்து, கேஸ் டார்ச்சால் கம்பிகளைச் சுடுவேன். முதலில் சுரண்டுங்கள். வெள்ளைப் படலமாக ஒட்டியிருப்பது சிறுநீரின் சுண்ணாம்பு, வினிகரோ புளித்தண்ணீரோ ஊற்றி அரை மணி ஊறவிட்டால் உதிரும். (வினிகர் பட்ட இடத்தில் பிளீச்சிங் பவுடரைத் தூவிவிடாதீர்கள், நச்சுவாயு கிளம்பும்.) அலசி, காயவிட்டு, பிறகு சுடர். சிக்கிய ரோமம் முதலில் சுருண்டு கருகும், அந்த நாற்றம் நின்ற பின்னும் மூலைகளிலும் முடிச்சுகளிலும் நிதானமாக ஒரு சுற்று வர வேண்டும். கம்பியைச் சிவக்க விடக் கூடாது. துத்தநாகப் பூச்சு எரிந்து வெள்ளைப் புகை வரும், அதைச் சுவாசித்தால் காய்ச்சல் காணும். பூச்சு போன கம்பி துருப்பிடித்து முயலின் குதிகாலை அறுக்கும். டார்ச் இல்லாதவர்கள் கொதிக்கும் தண்ணீரைத் தாராளமாக ஊற்றுங்கள், வெதுவெதுப்பில் பயனில்லை. ஒரு வாளித் தண்ணீர் பக்கத்தில் இல்லாமல் டார்ச்சைத் தொடாதீர்கள். ஓலைக் கொட்டகைக்குள் இந்த வேலையே கூடாது.

மூடுபனிக்குப் பயந்து கொட்டகையைச் சுற்றிலும் சாக்கு கட்டி அடைப்பது இங்கே எல்லோரும் செய்வது. நானும் செய்தேன். சிறுநீரிலிருந்து கிளம்பும் அம்மோனியா போக வழியில்லாமல் உள்ளேயே நின்றது. முயல்கள் தும்மின. முன்காலின் உட்பக்க ரோமம் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தால் மூக்குச் சளியைத் துடைத்திருக்கிறது என்று பொருள், அது நிமோனியா வரை போகும். இப்போது விடியற்காலையில், கதவைத் திறந்ததும் குந்தி உட்கார்ந்து, முயல் மூக்கின் உயரத்தில் ஒரு நிமிடம் மூச்சு இழுத்துப் பார்க்கிறேன். நின்றால் தெரியாது. கண் கரித்தால் தட்டில் ஈரம் தேங்குகிறது, அல்லது காற்றுக்கு வழியில்லை. சாக்கைக் காற்றடிக்கும் பக்கம் மட்டும் கட்டி, கூரைக்குக் கீழே ஒரு முழம் திறந்து விட்டிருக்கிறேன்.

வெளியிலிருந்து வாங்கி வரும் முயலை ஒரு மாதம் தனியே வையுங்கள். காதுக்குள் பொருக்கு, மூக்கு நுனியில் வெள்ளைச் செதில் இருந்தால் சொறி. அதற்கு மருத்துவர் ஊசி போடுவார், ஆனால் கூண்டைச் சுடாமல் அதிலேயே திரும்ப விட்டால் மறுபடியும் வரும். அந்த முயலைத் தூக்கிய பிறகு உங்கள் முழங்கை அரித்தால் நீங்களும் மருத்துவரிடம் காட்டுங்கள். எனக்கு அரித்தது. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு வாரம் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன்.